ஒரு ரோடு போட எத்தனை லாரி?

நகரம் கட்டும் கேம்களில் எனக்கு ஆகவே ஆகாத விஷயம், ரோடு. மவுஸை இழுத்து விட்டால் போதும், தார் காய்ந்து, வெள்ளைக்கோடு போட்டு, தெருவிளக்கும் எரிய ஆரம்பித்துவிடும். கஜானாவில் பணம் இருந்தால் சரி. ஜல்லி எங்கிருந்து வந்தது, யார் கொட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

'வொர்க்கர்ஸ் அண்ட் ரிசோர்சஸ்: சோவியத் ரிபப்ளிக்' கேட்கிறது. ஸ்லோவாக்கியாவின் திரீடிவிஷன் குழு செய்த இந்த கேம் 2019-இல் ஏர்லி ஆக்சஸில் வந்து, 2024 ஜூனில் முழுதாக வெளியானது. கிராபிக்ஸ், எஃப்பிஎஸ் பற்றியெல்லாம் யூடியூபில் பேசித் தீர்த்துவிட்டார்கள். சில வாரங்களாக இதன் ரியலிஸ்டிக் மோடில் குடியிருக்கிறேன். என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த ரோடுதான்.

முதலில் ஒரு கட்டுமான அலுவலகம் வேண்டும். அதற்கு டிப்பர், எக்ஸ்கவேட்டர், ரோலர், ஆட்களை ஏற்றிவர பஸ் எல்லாம் வாங்கி ஒதுக்க வேண்டும். பிறகு ஜல்லி, தார்க்கலவை. கலவையை நாமே தயாரிக்க பிட்டுமின் வேண்டும். பிட்டுமினுக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஆலைக்குக் கச்சா எண்ணெய். ஆரம்பத்தில் இதற்கெல்லாம் வழியில்லை. எல்லையிலுள்ள சுங்கச்சாவடியில் ரூபிளோ டாலரோ கொடுத்து இறக்குமதி செய்து, மண் ரோட்டில் லாரி லாரியாகக் கொண்டுவர வேண்டும். எக்ஸ்கவேட்டர் ஆடி அசைந்து முன்னால் போக, பின்னால் டிப்பர்கள் வரிசைகட்டும். அத்தனையும் வந்து சேர்ந்து ரோலர் ஓடும்போது கிடைக்கும் திருப்தி இருக்கிறதே, வேறெந்த கேமிலும் ஸ்டேடியம் திறந்தபோதுகூட எனக்குக் கிடைத்ததில்லை.

ரோடு முடிந்ததும் நிம்மதி என்று நினைத்தால், குளிர்காலம் வருகிறது. வெப்ப நிலையம் நிலக்கரியை எரித்து, அந்தச் சூட்டைக் குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்பும். நிலையத்தில் வேலை செய்ய ஆள் வேண்டும். ஆளைக் கொண்டுவர பஸ் வேண்டும். பனியில் பஸ் தாமதமானால் சூடு குறையும், வீடு குளிரும், ஜனங்கள் படுத்துவிடுவார்கள். படுத்தவர்கள் வேலைக்கு வராததால் சூடு இன்னும் குறையும். பனி தள்ளும் வண்டி வாங்காத மேயருக்கு மன்னிப்பே கிடையாது.

இன்டர்ஃபேஸ்தான் சோதனை. ஒரு லாரிக்கு வேலை சொல்ல ஜன்னலுக்குமேல் ஜன்னல் திறக்க வேண்டும். எதை எங்கே பார்த்தோம் என்பது நினைவில் நிற்பதில்லை. வேறு கேமாக இருந்தால் அன்றைக்கே அழித்திருப்பேன். இதற்கு மட்டும் ஏனோ பொறுமை வருகிறது.

புதிதாக ஆடுகிறவர்கள் செட்டிங்கில் குளிரையும் வெப்பத்தையும் அணைத்துவிட்டுத் தொடங்கலாம், தப்பில்லை. ரியலிஸ்டிக் மோடை நேரே தொடுகிற தைரியசாலிகள், வீடு கட்டும் ஆசையை ஒத்திப்போட்டு, சுங்கச்சாவடி பக்கத்திலேயே முதலில் ஒரு பெட்ரோல் பங்க் போட்டுவிடுங்கள்.