கசடு எவ்வளவு குடிக்கும்?

ஆலைக் கழிவை வைத்து வயல் கழிவைப் பிடிப்பது என்ற யோசனை கேட்ட மாத்திரத்திலேயே பிடித்துப்போகிறது. எனக்கு அதிலேயே கொஞ்சம் சந்தேகம். எஃகு ஆலையில் மலைபோல் குவியும் உலைக் கசட்டை வடிகாலில் நிரப்பினால், அதிலிருக்கும் கால்சியம், வயல் உரத்திலிருந்து நீரில் கரைந்து வரும் பாஸ்பரஸோடு சேர்ந்து படிந்துவிடும். வேதியியலில் குறையில்லை, இடிப்பது கணக்கு.

நியூசிலாந்தின் வையுக்கு ஊரில், பக்கத்து ஆலையின் கசட்டில் நகரக் கழிவுநீரை வடித்துப் பதினோரு ஆண்டுகள் அளந்தார்கள். முதல் ஐந்து ஆண்டில் 77 சதவீதப் பாஸ்பரஸ் நின்றது. எல்லோரும் எடுத்துக்காட்டும் எண் இதுதான். எடையாகப் பார்த்தால் கதை வேறு. அந்த ஐந்து ஆண்டில் பிடிபட்டது 19.7 டன், அடுத்த ஆறு ஆண்டில் வெறும் 2.7 டன். ஐந்தாம் ஆண்டு முடிவில் ஒரு டன் கசடு தாங்கியிருந்தது 1.23 கிலோ. ஒரு வண்டிப் பாரம் கல்லுக்கு ஒன்றேகால் கிலோகூடத் தேறவில்லை.

இத்தனைக்கும் கழிவுநீர் நாள் தவறாமல் ஒரே சீராக வருவது, பாஸ்பரஸும் செறிவாக இருக்கும். வயல் நீர் அப்படியல்ல. ஆண்டு முழுவதுக்குமான பாஸ்பரஸில் பெரும்பங்கு நாலைந்து பெருமழையில் அடித்துக்கொண்டு வந்துவிடும். கசட்டை நுணுக்கினால் நீர் தேங்கி மேலே வழியும். பருமனாக விட்டால் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும். நிலத்தடி வடிகுழாய் நீரில் இன்னொரு தொல்லை: அதிலுள்ள பைகார்பனேட் கசட்டின் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் பொருக்காகக் கல்லை மூடிவிடுகிறது. மாற்றாகச் சொல்லப்படுபவையும் சொக்கத்தங்கம் அல்ல. அனல்மின் நிலைய ஜிப்சம் தானே கரைந்து போகும். குடிநீர் ஆலையின் படிகாரச் சேறு எளிதில் அடைத்துக்கொள்ளும். மணலில் கலக்கும் இரும்புத்தூள், காற்றுப் படாமல் நீரிலேயே ஊறினால் பிடித்ததைத் திருப்பி விட்டுவிடும்.

இனி ஈரி ஏரிக்கு வருவோம். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம், கொதிக்க வைத்தாலும் வேண்டாம் என்றார்கள். பாஸ்பரஸை உண்டு ஏரியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு காரணம். அதற்குப் பிறகு வகுத்த இலக்கின்படி, ஏரியில் கலக்கும் மவுமீ ஆறு வசந்தகாலத்தில் கொண்டுவரும் பாஸ்பரஸ் 860 டன்னைத் தாண்டக்கூடாது. 2008ஆம் ஆண்டை விட 40 சதவீதம் குறைவு. இந்தக் குறைப்பில் 100 டன்னைக் கசட்டிடம் ஒப்படைப்பதென்றால் வையுக்கு விகிதப்படி 81,000 டன்னுக்கு மேல் கசடு வேண்டும். நிரம்பியதும் அத்தனையையும் அள்ளிவிட்டுப் புதிதாகக் கொட்ட வேண்டும். ஏரியைக் காக்கும் வழியாக இதை முன்வைப்பவர்களோடு நான் உடன்படவில்லை.

ஆனால் ஓக்லஹோமாவில் ஆய்வாளர் சாட் பென் குழுவினர் கோல்ஃப் மைதானம், கோழிப்பண்ணை ஓரங்களில் அமைத்த கசடு வடிகட்டிகளை அப்படித் தள்ளிவிட முடியாது. எவ்வளவு பாஸ்பரஸ் வரும், எத்தனை காலம் தாங்க வேண்டும் என்று எடைபோட்டு, அதற்கேற்பக் கசட்டின் அளவைத் தீர்மானிப்பது அவர்கள் முறை. கோழி எரு ஊறிய நிலத்திலிருந்து செறிவான நீர் ஒரே வாய்க்காலில் இறங்குகிறது. அங்கே உரத்தை இன்றே நிறுத்தினாலும் மண் பல ஆண்டுகள் கசிந்துகொண்டிருக்கும். வேறு வைத்தியம் சீக்கிரம் பலிக்காது. அப்படிப்பட்ட வாய்க்கால்களுக்குக் கசடு தகும் என்பதே என் தீர்ப்பு. பரந்த வயல்வெளிக்கு உரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. இத்தகைய வடிகட்டிகளுக்கான மானிய விண்ணப்பத்திலும் 'எத்தனை சதவீதம்' என்ற கட்டத்தை அடித்துவிட்டு, எத்தனை கிலோ, எத்தனை ஆண்டு, நிரம்பிய கசட்டை யார் செலவில் அள்ளுவது என்று கேட்க வேண்டும்.