செஞ்சிக் களஞ்சியமும் கும்பகோணத்துக் கூரையும்

செஞ்சி இராஜகிரி அடிவாரத்துக் களஞ்சியத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தடித்த சுவர், மேலே கீற்றோ மர உத்திரமோ இன்றி வளைத்துக் கட்டிய கூரை. இத்தகைய சுவர் வெப்பத்தை மெல்லவே கடத்தும். ஒருபுறம் தீப்பற்றினாலும் மறுபுறம் சூடேற நெடுநேரமாகும். ஆளும் நீரும் வருமுன் கட்டடமே தீயை மறித்து நிற்கும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். நெல்லுக்கு முன்னோர் தந்த கூரையைப் பிள்ளைகளுக்கு நாம் தரவில்லை.

ஆயினும் களஞ்சியத்தை அப்படியே பின்பற்றுவதும் தவறு. நெல் ஓடாது, மனிதர் ஓட வேண்டும். எரியாத கூரையோடு அகன்ற படிகளும் வெளிப்புறம் திறக்கும் கதவுகளும் தேவை. சுவரில் தீயணைப்பு உருளை ஒன்றை மாட்டிவிட்டால் போதும் என்று எண்ணுகிறோமே, அது சரியா? உங்கள் வகுப்பறைக் கதவு எப்பக்கம் திறக்கிறது? இன்றே பாருங்கள்.