எறியாத ஜூடோ

ஜூடோ என்றதும் ஆளைத் தூக்கிப் பாயில் அறைவதுதான் நினைவுக்கு வரும். எனக்கு அந்தக் கலையில் மிகவும் பிடித்த பகுதியில் யாரும் யாரையும் எறிவதில்லை. ஜூ நோ காத்தா என்று பெயர். மென்மையின் வடிவங்கள் எனலாம். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகுத்தது. ஐந்தைந்தாக மூன்று தொகுதி, மொத்தம் 15 அசைவுகள்.

முதல் அசைவைப் பாருங்கள். ஒருவர் எதிராளியின் புருவ நடுவைக் குறிவைத்து மூன்று அடி எடுத்து வருகிறார். அடிக்கு அடி கை கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. எதிரே நிற்பவரிடம் சலனமே இல்லை. விரல்நுனி முகத்தைத் தொடப்போகும் நேரத்தில் உடம்பைத் திருப்பி, வந்த கையின் மணிக்கட்டைப் பற்றி, அது போகிற போக்கிலேயே இழுத்துக்கொள்கிறார். அவ்வளவும் நிதானமாக. விளம்ப காலத்தில் பாடும்போது சுருதி துளி விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடுமே, அப்படித்தான் இங்கே கால் தடுமாறினால் ஒளிக்க இடமில்லை.

சில அசைவுகளில் தற்காப்பவர், தாக்க வந்தவரை முதுகின் மேல் ஏற்றிக்கொள்வார். ஏறியவர் கால்களைச் சேர்த்து நீட்டி, முதுகை வில்லாக வளைத்து அந்தரத்தில் இருப்பார். இன்னும் சற்றுச் சாய்த்தால் கீழே விழவேண்டியதுதான். அந்த இடத்தில் நிறுத்தி, பூப்போல இறக்கிவிடுவார். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இறக்கலைத்தான். எறிய முடிந்தவர் எறியாமல் விடுவதில் இருக்கும் அழகு எந்தப் போட்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. தோற்பவருக்கும் இதில் லாபம்: தோளும் முதுகும் நன்றாக நீள்கின்றன, இடுப்பு இளகுகிறது, சமநிலை பழகுகிறது.

இதைத் தன் வாழ்வாகவே ஆக்கிக்கொண்டவர் கெய்கோ ஃபுகுதா. கானோவுக்கு ஜுஜுத்சு கற்பித்த ஹச்சினோசுகே ஃபுகுதாவின் பேத்தி. ஐந்தடிக்கும் குறைவான உயரம். 1935இல் கானோவின் கோடோகான் பள்ளியில் சேர்ந்து அவரிடமே பயின்றார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தக் காத்தாவைச் செய்து காட்டினார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் குடியேறி, தொண்ணூறு கடந்தும் கற்றுக்கொடுத்தார். அமெரிக்க ஜூடோ அமைப்பு 2011இல் பத்தாம் டான் என்னும் தகுதிநிலையை வழங்கியபோது அவருக்கு வயது 98. பெண் என்பதால் ஐந்தாம் டானிலேயே பல்லாண்டு நிறுத்தி வைக்கப்பட்டவர் அவர். அந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. 2013இல் 99 வயதில் காலமானார்.

அறுபதைத் தாண்டியவர்களே, ஊரில் ஜூடோ ஆசிரியர் இருந்தால் போய்க் கேளுங்கள். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதுகில் ஏற்றும் அசைவுகளை விட்டுவிடலாம். முதல் அசைவை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். தடித்த ஜூடோ உடை தேவையில்லை, பாயும் தேவையில்லை. துணைக்கு ஓர் ஆளும் வீட்டுக் கூடமும் போதும்.