வீழ்ச்சியும் வில்லனும்: ‘த ஃபோல் கை’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

உழைப்போரைச் சித்திரிக்கும் திரைப்படங்கள் பல உள. ஆயின், திரைப்படத்தை ஆக்கும் உழைப்பாளரைச் சித்திரிப்பன மிகச் சிலவே. 2024 இல் வெளிவந்த ‘த ஃபோல் கை’ அச்சிலவற்றுள் ஒன்று. இதனை நெறிப்படுத்திய டேவிட் லீற்ச் முன்னர் சாகசக் கலைஞராகப் பணிபுரிந்தவர். ஆகவே, தொழிலின் உள்ளியல்பை அறிந்த ஒருவரின் படைப்பாகவே இதனை மதிப்பிடுதல் பொருந்தும்.

நட்சத்திர நடிகனொருவனுக்குப் பதிலாக உயரத்திலிருந்து விழும் கலைஞனே கதைத் தலைவன். ஒருமுறை செவ்வனே முடிந்த காட்சி, அந்நடிகனின் விருப்பின்படி மீண்டும் எடுக்கப்படுகின்றது. இரண்டாவது வீழ்ச்சியில் அவனது முதுகெலும்பு முறிகின்றது. பொறாமை கொண்ட அந்நடிகன் செய்வித்த சதியே அவ்விபத்து என்பது பின்னர் புலனாகின்றது.

படத்தின் அடிப்படைப் பலவீனம் இங்கேதான் உள்ளது. மீண்டும் விழும்படி பணிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற வினாவைத் தொடக்கத்தில் எழுப்பும் படம், விடை கூற வேண்டிய இடத்தில் ஒரு வில்லனை முன்னிறுத்தி ஒதுங்கிக் கொள்கின்றது.

உண்மையில் வீழ்ச்சி என்பது தனியொருவரின் துணிவன்று. அது ஒரு குழுவின் உழைப்பு. வடத்தைத் தாங்கும் பிணைப்பிடத்தைத் தெரிதல், கப்பிகளையும் தடுப்பானையும் பொருத்துதல், மணல் மூட்டையை முதலில் விழச் செய்து சோதித்தல், ஒவ்வொரு முறையும் அனைத்தையும் மீளப் பரிசோதித்தல் என்பன ‘றிகர்’ எனப்படும் வடமமைப்போரின் கடமைகளாம். 20 அடி உயரத்திலிருந்து தடையின்றி விழும் உடல், ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீற்றர் வேகத்துடன் தரையை அடையும். அக்கணத்தில் எத்தவறையும் திருத்த இயலாது. பாதுகாப்பு முழுவதும் வீழ்ச்சிக்கு முந்திய நேரத்திலேயே தங்கியுள்ளது. தயாரிப்பாளருக்கோ நேரம் என்பது செலவு. முரண்பாடு இங்கேயே தோன்றுகின்றது.

2017 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், ‘த வோக்கிங் டெட்’ தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பின்போது சாகசக் கலைஞரொருவர் மாடத்திலிருந்து விழுந்தார். மெத்தையைத் தவறவிட்டுக் கொங்கிறீற்றுத் தரையில் மோதுண்டு மாண்டார். தொழிற் பாதுகாப்புத் திணைக்களம் தயாரிப்பு நிறுவனத்தின்மீது சுமத்த முன்வந்த தண்டம் 12,675 டொலர். அங்கே பொறாமை கொண்ட நடிகன் எவனுமில்லை. 2009 இல் ‘ஹரி பொட்டர்’ படத்துக்கான ஒத்திகையில் வடத்தினாற் பின்னிழுக்கப்பட்டுக் கழுத்து முறிந்து செயலிழந்த டேவிட் ஹோம்ஸ் பற்றி 2023 இல் வந்த ஆவணப்படத்திலும் வில்லன் இல்லை. விபத்தின் பின்னரும் தொடரும் வாழ்க்கையே உண்டு. அதனாலேயே அது ஆழமாகப் பாதிக்கின்றது.

‘த ஃபோல் கை’யின் சிறப்பையும் மறுப்பதற்கில்லை. இறுதியில் உண்மையான சாகசக் கலைஞரின் உழைப்பை அது வெளிப்படையாகக் காட்டுகின்றது. 2027 இலிருந்து வெளியாகும் படங்களுக்குச் சாகச வடிவமைப்புக்கான ஒஸ்கார் விருது வழங்கப்படுமென 2025 இல் அறிவிக்கப்பட்டதும் வரவேற்கத்தக்கதே. எனினும், பாராட்டு வேறு, பாதுகாப்பு வேறு. விபத்துக்குத் தீயவன் ஒருவனே காரணமெனில், அவனை அகற்றியதும் எல்லாம் சீராகிவிடும். ‘இன்று இது பாதுகாப்பற்றது, நிறுத்துங்கள்’ என வடமமைப்போன் கூறும்போது படப்பிடிப்பு நிற்குமா என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. தொழிலை நன்கறிந்த நெறியாளரின் படம் அவ்வினாவைக் கேளாமல் விட்டமை வருந்தத்தக்கது.