முதலில் ஓட்டைகள்

அம்பாசடரில் சத்தம் தாங்க முடியவில்லை என்று யாராவது சொன்னால், எந்தச் சத்தம் என்று தெரிந்துகொள்ளாமல் நான் மேலே பேசுவதில்லை. முதல் கியரில் நேர்ப்பல் சக்கரம் எழுப்பும் அந்த ஊளையையா சொல்கிறார்கள்? அதை ஷீட் ஒட்டி அடக்க நினைப்பவருக்கு மார்க் 2 எதற்கு? சிக்னலில் நிற்கும்போது 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சினின் டாப்பெட்டுகள் பானட்டுக்கு அடியில் தட்டிக்கொண்டிருப்பதும் இருக்கட்டும். காது பழகியவர்கள் அதைக் கேட்டே வால்வு இடைவெளி கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். போக வேண்டியவை வேறு: வேகம் அறுபதைத் தாண்டியதும் தரையிலிருந்து எழும் முழக்கம், கதவுத் தகட்டின் அதிர்வு, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து முழங்காலில் வந்து மோதும் இரைச்சலும் அனலும். முதல் இரண்டுக்கும் வைத்தியம் ஊரறிந்தது. எனக்கு அதிகம் சொல்ல இருப்பது மூன்றாவதைப் பற்றித்தான்.

அது வரும் வழி, எஞ்சினையும் வண்டியின் உட்புறத்தையும் பிரிக்கும் ஃபயர்வால். ஃபயர்வால் என்றதும் எல்லோரும் தகட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். எந்த ஷீட், எத்தனை மில்லிமீட்டர், எத்தனை அடுக்கு. அந்தத் தகட்டில் இருக்கும் ஓட்டைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்டியரிங் காலம் நுழையும் வாய், அதை ஒட்டிய கியர் ராடு, ஆக்சிலரேட்டர், ஸ்பீடோமீட்டர் கேபிள், வயரிங் கட்டு. போதாததற்கு, எப்போதோ ஒரு எலெக்ட்ரீஷியன் ஹாரன் வயருக்காகப் போட்டுவிட்டு மறந்த துளை. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதியை எதைக் கொண்டு மூடினாலும் 20 டெசிபலுக்கு மேல் அது தடுக்காது. எடையை இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் கூடும் என்ற கணக்கை மட்டும் நம்பி, சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள வினைலை வாங்கி விரிக்கிறார்கள். காலத்தைச் சுற்றிக் காய்ந்து உதிர்ந்துபோன ரப்பரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பணமும் போகிறது, சத்தமும் வருகிறது.

இருட்டிய பிறகு எஞ்சின் பக்கம் ஒரு விளக்கைத் தொங்கவிட்டு பானட்டை மூடுங்கள். முன்சீட்டில் தலையைக் கவிழ்த்து டாஷ்போர்டுக்கு அடியில் பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தம் வரும் இடம், அனல் வரும் இடம், பெட்ரோல் வாடை வரும் இடம். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஷீட் வாங்கப் போகக் கூடாது என்பது என் பிடிவாதம்.

துளைகளின் விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையமான குரோமெட்டில் எனக்கு நியோப்ரீன்தான். ஈ.பி.டி.எம். ரப்பரைக் கொண்டாடும் நண்பர்கள் இருக்கிறார்கள். வெயிலுக்கும் ஓசோனுக்கும் அது அசையாது, உண்மைதான். ஆனால் எஞ்சின் ஆயில் பட்டால் உப்பித் தளர்ந்துவிடும்; பழைய பி-சீரிஸ் எஞ்சின் இருக்கும் இடத்தில் ஆயில் படாத மூலை ஏது? நைட்ரைல் ஆயிலுக்குத் தாங்கும், ஆனால் திறந்த காற்றில் சில வருஷத்தில் வெடித்துவிடும். நியோப்ரீன் இரண்டிலும் முதலிடம் வாங்காது, இரண்டையும் பொறுத்துக்கொள்ளும். அடுத்தது அதன் காடி. காடியின் அகலம் தகட்டின் கனத்துக்குப் பொருந்த வேண்டும். துளையின் விளிம்பு வரை, அதிர்வை அடக்கும் 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட்டை இழுத்து ஒட்டிவிட்டால் குரோமெட் உட்காராது, பிதுங்கி நிற்கும். துளையைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டு ஷீட்டை வெட்டி, குரோமெட்டின் உதடு வெறும் தகட்டில் படியவேண்டும். ஒரு வேலையின் தரத்தை நான் முதலில் பார்ப்பது அந்த விரற்கடையில்தான்.

புதுப்பேட்டைப் பக்கம் குஷன் கடை வைத்திருந்த ஒரு பாய் இந்த ஓட்டை அடைக்கும் வேலையில் மன்னன். ஸ்டியரிங் காலத்துக்கு அவர் ரப்பரையே நம்பமாட்டார். மெல்லிய தோலை இரண்டாக வெட்டி, நடுவில் ஃபெல்ட் வைத்து, கீழே அகன்று மேலே குறுகும் உறையாகத் தைப்பார். அடியில் தகட்டு வளையம் வைத்து ஃபயர்வாலோடு முடுக்குவார். மேல் வாய் காலத்தைத் தழுவி நிற்கும், ஸ்டியரிங் திருப்பும்போது உரசல் சத்தம் வராது. "காத்து போற எடத்துல எல்லாம் சத்தமும் போவும் சார், மொதல்ல அதை அடைங்க, அப்புறம் ஷீட்டைப் பத்திப் பேசலாம்" என்பார். வாடிக்கையாளர் அவசரப்பட்டால், "வண்டியை வேற எங்கயாவது குடுத்துக்கங்க" என்று மெஷினை நோக்கித் திரும்பிவிடுவார். பழுப்புக் காகிதத்தில் அளவெடுக்காமல் அவர் ஃபெல்ட்டில் கத்தரி வைத்து நான் கண்டதில்லை.

வண்டி முழுவதும் பியூட்டைல் ஒட்டும் கட்சியோடு எனக்கு நெடுநாள் வழக்கு. தகட்டின் அதிர்வை அடக்க அதன் நடுப்பகுதியில் கால்வாசிப் பரப்பை மூடினாலே பெரும்பலன் கிடைத்துவிடுகிறது. கை முட்டியால் தட்டிப் பார்த்தால் தெரியும், 'டங்' என்றது 'டப்' என்று அடங்கியிருக்கும். அதற்குமேல் ஒட்டுவதில் எடைதான் ஏறுகிறது. எல்லா இடத்தையும் மூடிவிட்டால் அடியில் துரு பிடிப்பதை யார் பார்ப்பது? டிங்கரிங்காரரின் கண்ணுக்குத் தகடு தெரிய வேண்டும். கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளையும் சேர்த்து ஒட்டிவிட்ட வண்டிகளைப் பார்க்கும்போது நிஜமாகவே வயிறு எரிகிறது.

அனல் விஷயத்தில் இன்னும் பெரிய குழப்பம். பி-சீரிஸில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், இடது பக்கம். அதனால் சித்திரை வெயிலில் முதலில் வேகுவது பக்கத்து சீட்டில் இருப்பவரின் கால். அதற்கு மருந்தாக வெள்ளிப் பளபளப்புள்ள ஷீட்டைத் தரையில் ஒட்டி, மேலே கார்பெட்டை அழுத்திவிடுகிறார்கள். அலுமினியம் அனலைத் திருப்பியனுப்ப அதன் முகத்துக்கு எதிரே காற்று வேண்டும். இரண்டு பக்கமும் அழுத்தப்பட்ட பளபளப்பால் எதையும் திருப்ப முடியாது. அது சூட்டைக் கடத்தும் உலோகம் மட்டுமே. எஞ்சின் பக்கத்தில், மேனிஃபோல்டுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே, ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை நிறுத்தினால் உள்ளே நாலு அடுக்கு செய்யாததை அது செய்யும். தரையிலும் அப்படியே: சைலன்சர் குழாய் ஓடும் பாதைக்கு மட்டும் அடியிலிருந்து கவசம் போதும்.

கார்பெட்டுக்கு அடியில் என்ன போடுவது என்று கேட்டால் சணல் ஃபெல்ட் என்பேன். ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகளுக்கு நடுவே உத்தரபாராவில் பிறந்த வண்டிக்கு அது சொந்த ஊர்ச் சரக்கு. சணல் தண்ணீரைக் குடிக்கும், மூடிய கண்ணறை கொண்ட ஃபோம் குடிக்காது என்று மறுப்பார்கள். சரிதான். அந்த ஃபோமை டிரான்ஸ்மிஷன் டனலிலும் கூரைக்கடியிலும் நானும் போடுகிறேன். ஆனால் தரையில், அந்தக் குஷன் கடை பாய் செய்த மாதிரி ஓரத்தில் ரெக்சின் தைத்து, பிரஸ் பட்டன் வைத்து, துண்டு துண்டாகக் கழற்றும்படி போட்ட ஃபெல்ட்டுக்கு ஈடில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட வண்டிகளில் ஃபெல்ட்டைக் கழற்றி மொட்டைமாடியில் காயப்போட்டார்கள், தரைத்தகட்டைத் துடைத்தார்கள், முடிந்தது. மெத்தைக் கடை ஸ்பாஞ்சைப் பசை போட்டு ஒட்டிய வண்டிகளில் ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. சில மாதம் கழித்து கார்பெட்டைத் தூக்கினால் தரையில் விரல் நுழைந்தது.

இப்போது சந்தையில் கிடைப்பது மனதை வருத்துகிறது. பியூட்டைல் என்று பெயர் போட்டுத் தார் ஷீட்டை விற்கிறார்கள். மே மாதத்தில் வெயிலில் நிறுத்தினால் வண்டிக்குள் ரோடு போடுகிற வாசனை. அதைக் கூரையில் ஒட்டினால் இளகித் தொய்ந்து லைனிங்கின்மேல் உட்கார்ந்துவிடுகிறது. குரோமெட்டுகள் பல அளவுகளைக் கலந்த பெட்டியாக வருகின்றன. காடி ஒன்றும் தகட்டுக்குச் சேராது, விரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல மடங்குகிறது. இங்கிலாந்தில் இதே பி-சீரிஸ் குடும்பத்து எஞ்சின் ஓடிய எம்.ஜி.பி.க்குத் துளையின் விட்டத்தைச் சொல்லி இன்றும் புது ரப்பர் வாங்கலாம். 2014-ல் உற்பத்தி நின்ற நம் வண்டிக்குப் பழைய சாமான் குவியலில் கைவிட்டுத் தேட வேண்டியிருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஃபயர்வாலுக்கு மட்டும் ஒரு செட் அச்சு செய்து வார்த்துவிடலாம். நானும் பல கூட்டங்களில் சொல்லிப் பார்த்துவிட்டேன்; பேச்சு பெயின்ட் நிறத்துக்கும் குரோம் பம்பருக்கும் போய்விடுகிறது. நான் போன கண்காட்சிகளில் நடுவர்களும் அவற்றுக்குத்தான் மதிப்பெண் போட்டார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்த ஒரு நடுவரை இன்னும் நான் சந்திக்கவில்லை.