கூட்டல் கணக்கில் காணாமல் போன சேரி

கதையையும் கவிதையையும் கட்டுடைக்கிற நாம் அரசு அறிக்கைகளைச் சும்மா விட்டுவிடுகிறோம். நகரங்களுக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்துகிற பட்டியலும் ஒரு பிரதிதான். அதற்குள்ளும் பேசுகிற வாய் ஒன்றும் அடைக்கப்பட்ட வாய்கள் பலவும் இருக்கின்றன.

2015இல் ஒன்றிய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. போட்டி வைத்து 100 நகரங்களைப் பொறுக்கினார்கள். தமிழ்நாட்டில் 11. திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தது. இடையில் 2021 மார்ச்சில் அதே நகர்ப்புற அமைச்சகம் 'எளிதாக வாழத்தகுந்த நகரங்கள்' பட்டியலை வெளியிட்டது. பெருநகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை நாலு, கோவை ஏழு.

வாழ்க்கைத் தரத்துக்கு 35, பொருளாதாரத் திறனுக்கு 15, நிலைத்தன்மைக்கு 20, மக்கள் கருத்துக்கு 30 என்று எடை வைத்துக் கூட்டியிருக்கிறார்கள். பெங்களூருக்கு 66.70, புனேவுக்கு 66.27. எடையைக் கொஞ்சம் நகர்த்தினால் வரிசையே புரண்டுவிடலாம். அந்த எடையைத் தீர்மானித்தவர்கள் யார்? சேரியில் யாரிடமாவது கேட்டார்களா?

சூது இருப்பது கூட்டலில்தான். ஒன்றில் விழுந்ததை இன்னொன்றில் ஈடுகட்டிக் கொள்ளலாம். நடைபாதைக்குக் கல் பதித்து, பூங்காவுக்கு விளக்குப் போட்டு வாங்கிய மார்க்குக்கு அடியில் மலக்குழிச் சாவு மூடப்பட்டுவிடும். இன்னொரு தரவரிசையும் உண்டு, தோழர்களே. மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2022இல் சமூக நீதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கில், 1993 முதல் சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் செத்தவர்கள் எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்குத்தான் முதலிடம். இந்த முதலிடத்துக்கு யாரும் போஸ்டர் ஒட்டவில்லை.

எல்லையிலும் இதே கதைதான். கூவம் கரையில் மூன்று தலைமுறையாக இருந்த சனங்களைப் பிடுங்கிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் போட்டார்கள். பட்டியல் வெளிவந்தபோது பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சிக்கு வெளியே இருந்த ஓர் ஊராட்சி. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் விடிகாலையில் பஸ் பிடித்துச் சென்னைக்குத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களுடைய தண்ணியும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சென்னையின் கணக்கில் வராது. ஏழையை வெளியே தள்ளினால் நகரத்தின் சராசரி தானாக ஏறும். உழைப்பு ஊருக்கு, இருப்பு ஊருக்கு வெளியே: காலங்காலமாகச் சேரிக்கு வகுத்த இலக்கணத்தை இப்போது கம்ப்யூட்டர் எழுதுகிறது.

வேறு கணக்கே இல்லையா என்றால், இருக்கிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2010இல் மனித வளர்ச்சிக் குறியீட்டுக்குக் கூட்டல் சராசரியை விட்டுப் பெருக்கல் சராசரிக்கு மாறியது. ஒரு துறையின் பள்ளத்தை இன்னொன்றின் மேடு அப்படியே மூடிவிடக் கூடாது என்பதுதான் காரணம். பெருக்கலில் ஒரு சுழியம் விழுந்தால் மொத்தமும் சுழியம்.

நாம் கேட்பதும் அதைத்தான். மலக்குழியில் ஓர் உயிர் போனால் அந்த ஆண்டு அந்த நகரத்துக்குச் சுழியம். குடிசைகளை அகற்றிய நகரம், அகற்றப்பட்டவர்கள் இன்றைக்கு வாழ்கிற இடத்தின் மார்க்கையும் தன் கணக்கிலேயே எழுத வேண்டும். இந்த இரண்டு விதியோடு பட்டியலை மறுபடியும் போடட்டும். எந்த ஊர் மிஞ்சுதுன்னு பார்ப்போம்.