போட்மாஸ் என்னும் மந்திரம்

ஆனைமலையில் ஒரு தேங்காய் மண்டிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வண்டி வாடகை 200 ரூபாய். காய் ஒன்று 15 ரூபாய் வீதம் 40 காய்கள். கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கணிப்பானில் 200 + 40 × 15 என்று வரிசையாகத் தட்டினால் பெரும்பாலும் 3,600 என்று காட்டும். அறிவியல் கணிப்பானோ 800 என்னும். இரண்டும் பழுதானவை அல்ல. முன்னது விசை அழுத்திய வரிசையிலேயே கணக்கிடுகிறது. பின்னது பெருக்கலை முதலில் முடிக்கிறது. மண்டிக்காரருக்கு இந்த வம்பே இல்லை. காய்க்கிரயத்தைத் தனியே பெருக்கி எழுதிவிட்டுத்தான் வாடகையைக் கூட்டுவார்.

பள்ளியில் இதற்கு 'போட்மாஸ்' என்று ஒரு மந்திரம் கற்பிக்கிறோம்: அடைப்புக்குறி, 'இல்', வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல். என் குறை இந்த மந்திரத்தின் மீதுதான். எழுத்து வரிசையை நம்பி, 10 − 4 + 3 என்பதில் கூட்டலை முதலில் செய்து 3 என்று விடை எழுதும் மாணவனை எப்படிக் கடிந்துகொள்வது? மந்திரம் அப்படித்தானே சொல்லிற்று! சரியான விடை 9. கூட்டலும் கழித்தலும் சம தகுதி உடையவை. இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும். வகுத்தல், பெருக்கலுக்கும் அஃதே. இந்தச் சமத்துவம் மந்திரத்தில் இல்லை. மதிப்பெண்ணை இழப்பவனோ மாணவன்.

2019-இல் 8 ÷ 2(2+2) என்ற கணக்கு உலகெங்கும் சண்டை மூட்டியது. இடமிருந்து வலமாகப் போனால் 16. அடைப்போடு ஒட்டி நிற்கும் 2-ஐ அதனுடன் சேர்ந்த ஒரே உறுப்பாகக் கொண்டால் 1. இயற்கணிதத்தில் எண்ணும் எழுத்தும் ஒட்டி நின்றால் ஒன்றாகவே பார்ப்பது வழக்கம். கணிப்பான்களிலும் இரு வகை உண்டு. கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய கஜோரி, ÷, × இரண்டும் சேர்ந்து வரும்போது எது முந்தியது என்பதில் உடன்பாடு இல்லை என்று 1928-லேயே குறித்திருக்கிறார். ஆக, இது இயற்கையின் விதியன்று. எழுதுவோர் செய்துகொண்ட மரபு.

தமிழில் சொல்லிப் பாருங்கள். "8-ஐ 2-ஆல் வகுத்து, வந்ததை 4-ஆல் பெருக்கு" என்றால் 16. "2-ஐ 4-ஆல் பெருக்கி, வந்ததால் 8-ஐ வகு" என்றால் 1. வேற்றுமை உருபும் வினையெச்சமும் அடைப்புக்குறியின் வேலையைச் செய்துவிடுகின்றன. "12-ஐ 6-இல் பாதியால் வகு" என்றால் விடை 4 என்பதில் ஐயமே இல்லை. அதையே 12 ÷ ½ × 6 என்று எழுதி இடமிருந்து வலமாகப் போனால் 144! 'இல்' என்பதற்கு மந்திரத்தில் தனி இடம் கொடுக்க நேர்ந்தது இதனால்தான்.

÷ குறியை வகுத்தலுக்கு 1659-இல் அச்சேற்றியவர் ரான் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர். பன்னாட்டுத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 80000-2 ஆவணம் இன்று அக்குறியைத் தவிர்க்கச் சொல்கிறது. பின்னக் கோட்டை இட்டு, மேலே 8, கீழே 2(2+2) என்று எழுதினால் விடை 1. 8-இன் கீழ் 2 மட்டும் என்றால் 16. வினாத்தாள் தயாரிப்பவர்கள் இவற்றுள் எதைக் கேட்கிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளட்டும்.